ஈசிஆர் கடற்கரையில் கயாக்கில் தூண்டில் போட: எங்கே இறக்குவது, எங்கே கரையேறுவது

சென்னையில் கயாக் எனும் சின்னத் துடுப்புப் படகை வாங்குவது பெரிய வேலை இல்லை. பணம் கட்டினால் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை எந்தக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கடையில் கேட்டால் "எந்த பீச்சுல வேணும்னாலும் போடலாம் சார்" என்பார்கள். பீச்சுக்குப் போனால் காவலர் திருப்பி அனுப்புவார். மீனவர் குப்பத்துப் பக்கம் போனால் நீங்க யாரு, எந்த ஊரு என்ற கேள்வி வரும். ஒவ்வொரு கரையாக நடந்து பார்த்து, மீனவர்களிடம் கேட்டு, சில இடங்களில் வேண்டாம் என்று திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த விவரங்களை இங்கே வரிசையாகத் தருகிறேன். புதிதாக வருகிறவர்கள் அத்தனை அலைச்சலும் படவேண்டியதில்லை.

இது மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக், துடுப்பு மட்டும், இன்ஜின் இல்லை, கரையிலிருந்து ஒன்றரை இரண்டு கிலோமீட்டருக்குள் தூண்டில் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கானது. ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, நீலாங்கரையிலிருந்து மரக்காணம் வரையிலான கரையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நன்றாக நீந்தத் தெரியாதவர்களும், கவிழ்ந்த கயாக்கில் தண்ணீரிலிருந்தே திரும்ப ஏறிப் பழகாதவர்களும் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். கரை தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். காலை ஐந்தரை மணிக்கு எந்தக் கரையும் இறக்குவதற்கு நல்ல கரையாகத்தான் தெரியும். பத்து மணிக்குக் காற்று ஏறிய பிறகு, கை ஓய்ந்து போய், மீனோடும் தூண்டில்களோடும் அதே கரையில் பத்திரமாக ஏற முடியுமா என்று பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

1. முதலில் மாதம், அப்புறம் இடம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது இந்தக் கரையில் கயாக் வேண்டாம். இடையில் இரண்டு நாள் வெயில் அடித்துக் கடல் அடங்கின மாதிரி இருந்தாலும் வேண்டாம்.

ஜனவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் நடு வரைதான் புதியவர்களுக்கு ஏற்ற காலம். காலையில் கடல் அமைதியாக இருக்கும், தண்ணீரும் தெளிந்து வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஆனால் கரையோர ஃபைபர் படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் தடைக்காலத்தில் கடல் காலியாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தனியாக ஒரு ஆபத்து உண்டு. காலையில் மேற்குக் காற்று பலமாக அடிக்கும். கரையிலிருந்து கடல் பக்கமாக வீசுவதால் கரையோரத்தில் அலையே தெரியாது, ஏரி போலத் தட்டையாகக் கிடக்கும். உள்ளே போவது அவ்வளவு சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் தெரியும் அந்தக் காற்று உங்களை எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறதென்று. கரையில் நிற்கும்போது முதுகில் காற்று பலமாக அடித்தால் அன்று இறங்காதீர்கள்.

இன்னொன்று நீரோட்டம். மார்ச் முதல் செப்டம்பர் வரை கரையோர நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடக்கிலிருந்து தெற்கே. நடுவில் இருக்கும் மாதங்களில் மாறி மாறி வரும். இடம் தேர்ந்தெடுக்கும்போது இது ஏன் முக்கியம் என்பதை 8ஆவது படியில் சொல்கிறேன்.

2. படத்தில் கரையைப் பாருங்கள்

கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்து, பழைய தேதிப் படங்களைக் காட்டும் வசதியைப் போடுங்கள். ஒரே கரையை வெவ்வேறு மாதப் படங்களில் பாருங்கள். வெள்ளை நுரைக்கோடு எத்தனை வரிசை தெரிகிறது என்று கவனியுங்கள். கரையை ஒட்டி ஒரே ஒரு கோடு என்றால் அங்கே கரை செங்குத்தாக இறங்குகிறது, அலை கடைசி நேரத்தில் எழும்பி மணலிலேயே மடார் என்று விழும். இரண்டு மூன்று கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் உள்ளே மணல்திட்டு இருக்கிறது, அலை வெளியிலேயே உடைந்து வலு குறைந்து வரும். கயாக்குக்கு இரண்டாவது வகைதான் நல்லது.

நுரைக்கோட்டில் நடுவே ஒரு இடத்தில் மட்டும் நுரை இல்லாமல் கருநீலமாக ஒரு வாய்க்கால் தெரிந்தால், அது கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் ஓடும் இடம். கரையில் நின்று பார்த்தால் அதுதான் ரொம்ப அமைதியான இடமாகத் தெரியும். குளிக்க இறங்குகிறவர்கள் பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். கயாக்கில் வெளியே போக அது உதவும், உள்ளே வர உதவாது. வரும்போது அதை விட்டுத் தள்ளி, நுரை இருக்கும் பக்கமாகத்தான் கரையேற வேண்டும்.

அடுத்து கற்குவியல்கள். அரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுகள் படத்தில் கடலுக்குள் நீட்டிய விரல் மாதிரி தெரியும். பொதுவாக அதன் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து கரை அகலமாக இருக்கும், வடக்குப் பக்கம் அரித்துப் போயிருக்கும். கல்லை ஒட்டி அலை அடங்கியிருப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், ஒரு பெரிய அலை பக்கவாட்டில் தள்ளினால் நேராகக் கல்லில்தான். குறைந்தது நூறு மீட்டர் தள்ளி இறங்கும் இடமாகப் பாருங்கள்.

படம் காட்டாத ஒன்று உண்டு, கேட். ஈசிஆரில் கடல் வரை போவது போலத் தெரியும் பல தெருக்களின் முனையில் இரும்பு கேட் போட்டிருப்பார்கள், காவலாளி இருப்பார். பாதை இருக்கிறது என்று படத்தை நம்பிக் கயாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

3. இந்த இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்

எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகம், காசிமேடு: கப்பல், விசைப்படகு, துறைமுகப் பாதுகாப்பு. அந்தப் பக்கமே வேண்டாம். மெரினாவிலும் பெசன்ட் நகர் எலியட்ஸிலும் காவலர்கள் இறங்க விட மாட்டார்கள், அது நியாயமும்கூட, அந்தக் கூட்டத்தில் முப்பது கிலோ கயாக் அலையில் உருண்டு வந்தால் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. கூவம், அடையாறு முகத்துவாரங்களில் ஓடுவது சாக்கடை. கையில் தூண்டில் முள் கீறிய காயத்தோடு அந்தத் தண்ணீரில் இருப்பது உடம்புக்குக் கேடு, அந்த மீனையும் சாப்பிட வேண்டாம்.

நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நேர் எதிரே வேண்டாம். கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கும் கடலோரம் பாதுகாக்கப்பட்ட பகுதி. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டும், நீரோட்டமோ காற்றோ அந்தப் பக்கம் தள்ளுகிறதென்றால் உடனே திரும்பிவிடுங்கள். "தெரியாம வந்துட்டோம்" என்பது அங்கே எடுபடாது.

பழவேற்காடு அழகான இடம், மீனும் உண்டு. ஆனால் முகத்துவாரத்தில் மணல்திட்டும் நீரோட்டமும் சேர்ந்து படகுகளையே கவிழ்க்கும் இடம் அது. போதாததற்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பக்கக் கடலுக்குப் போகக்கூடாது. அனுபவம் வந்த பிறகு, உள்ளூர்க்காரர் ஒருவரோடு போகலாம்.

4. கயாக்கை வீட்டில் வைத்துவிட்டு ஒரு முறை போங்கள்

இரண்டு மூன்று இடங்கள் மிஞ்சியிருக்கும். இப்போது கயாக் இல்லாமல் போக வேண்டும். போகும் நேரம்தான் முக்கியம். காலையில் போகாதீர்கள், பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் போங்கள். நீங்கள் கரையேறப் போகும் நேரத்தில், அல்லது தாமதமானால் மாட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில், அந்தக் கரை எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே முழங்கால் உயரத்துக்கு மணல் படிக்கட்டு போல வெட்டுப்பட்டு நின்றால், அலை நேராக வந்து மோதுகிறது என்று அர்த்தம். அந்த விளிம்பில் நின்று பார்த்தால் ஒவ்வொரு அலையும் பின்வாங்கும்போது சிப்பியும் கூழாங்கல்லும் கரகரவென்று உருண்டு கீழே இழுபடும். உங்கள் காலையும் அப்படித்தான் இழுக்கும். கயாக்கின் மூக்கு அந்த மணல் சுவரில் குத்தி நிற்க, பின்னால் வரும் அலை அதைக் குறுக்கே திருப்பிக் கவிழ்க்கும். மணல் சரிவாக, நடந்து போனால் இருபது அடிக்கு அப்புறமும் தண்ணீர் இடுப்பளவே இருக்கிற கரையைத் தேடுங்கள்.

ஒரு இடத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் அலையை மட்டும் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் சின்ன அலைகளாக இருக்கும், மறுபடி பெரிய கூட்டம் வரும். அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம்கூட இடைவெளி கிடைக்காத கரை புதியவர்களுக்கு ஆகாது.

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி, அதில் எவ்வளவு உதிரி மணல் என்பதையும் நடந்து பாருங்கள். கயாக், நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால் நாற்பது கிலோவுக்குக் குறையாது. தள்ளுவண்டியில் மெல்லிய சக்கரம் என்றால் மணலில் புதைந்துவிடும், காற்றடித்த பெரிய ரப்பர் சக்கரம் வேண்டும். காரை மணலில் ஓட்டிக்கொண்டு போய் இறக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். வண்டி புதையும் என்பது ஒரு பக்கம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்த மணலுக்குள் பங்குனி ஆமை முட்டை இருக்கும்.

5. ஊரைக் கேளுங்கள்

இதை யாரும் தாண்டிப் போகக்கூடாது. சென்னையிலிருந்து மரக்காணம் வரை நல்ல கரை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு குப்பம் இருக்கிறது. நல்ல கரை என்பதால்தான் அவர்கள் முன்னோர் அங்கே குடியிருந்தார்கள். அந்தக் கரை அவர்கள் தொழில் செய்கிற இடம், நாம் பொழுதுபோக்குக்குப் போகிறோம். கேட்டுக்கொண்டு இறங்குவதுதான் முறை.

போகும் நேரம்: காலை எட்டுக்கு மேல், படகுகள் வந்து மீன் ஏலம் முடிந்து, வலையை உதறிக்கொண்டோ கிழிசல் பார்த்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பார்கள். அதுவரை யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. வயதில் பெரியவராகப் பார்த்து, "அண்ணே, சின்னத் துடுப்புப் படகுல தூண்டில் போடலாம்னு வந்திருக்கோம். இங்க இறக்கிக்கலாமா? ஊர்ல யாரைக் கேட்கணும்?" என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் பஞ்சாயத்தில் இருக்கும் ஒருவரைக் காட்டுவார்கள். அவர் சரி என்றால் அதற்குப் பிறகு அந்தக் கரையில் உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள், அலையில் மாட்டினால் ஓடி வந்து பிடிக்கவும் ஆள் இருக்கும். வேண்டாம் என்றால் வாதாடாமல் அடுத்த ஊருக்குப் போங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியவை: படகுகள் எந்த வரிசையில் கரையேறும், கரைவலை எந்தப் பக்கம் இழுப்பார்கள், அடியில் பாறையோ பழைய வலையோ எங்கே கிடக்கிறது, இப்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது. கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில் போன் செயலி சொல்வதை விடச் சரியாக இருக்கும்.

அப்புறம் சில நடைமுறைகள். விரித்துக் கிடக்கும் வலையைத் தாண்டிப் போகாதீர்கள், செருப்புக் காலால் மிதிக்கவே கூடாது, சுற்றிப் போங்கள். ஊரில் சாவு என்றாலோ அம்மன் கோயில் திருவிழா என்றாலோ யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு இருக்கும், அன்று நீங்களும் இறங்கக்கூடாது. அதனால் ஒரு போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு முதல் நாள் மாலை கேட்டுவிட்டே கிளம்புங்கள். பிடித்த மீனை அந்தக் கரையில் விற்காதீர்கள், கூடையில் வைத்து விற்கும் அம்மாக்களுக்கு அதுதான் அன்றாடச் சோறு.

கரைவலை இழுக்கும்போது கடலுக்குள் பல நூறு மீட்டருக்குக் கயிறு போகும், கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே கயாக்கைக் கொண்டு வரவே கூடாது.

6. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆதார் அல்லது வேறு அடையாள அட்டையின் அசல், தண்ணீர் புகாத உறையில், உங்கள் உடம்போடு. வண்டியில் வைத்துவிட்டுப் போனால் பயன் இல்லை, கடலில் ரோந்துப் படகு நிறுத்தினால் அங்கேயே காட்ட வேண்டும். கயாக் வாங்கிய ரசீதின் நகல். உடன் வருகிறவர்கள் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்று, கரையில் இருக்கும் ஆளிடம்.

ஒரு கரையை முதல் முறை பயன்படுத்தும் முன் அந்தப் பகுதிக்கான கடலோரப் பாதுகாப்புக் குழும (தமிழகக் காவல்துறையின் கடலோரப் பிரிவு) நிலையத்துக்கு நேரில் போய், யார், எத்தனை பேர், எங்கிருந்து எங்கே என்று சொல்லி, அங்கே இறங்கலாமா என்று கேட்டுவிடுங்கள். வார நாளில் காலை பதினோரு மணிக்கு மேல் போனால் பொறுமையாகப் பேசுவார்கள். அவர்கள் கூடாது என்றால் கூடாதுதான்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ஒரு பொருளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் கையடக்கக் கருவியும், செயற்கைக்கோள் போனும் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். கடல்சார் வாக்கிடாக்கிக்கும் உரிமம் வேண்டும். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும்வரை இங்கே பெரும்பாலும் சாதாரண போன் எடுக்கும், நல்ல உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதும்.

7. செலவு எவ்வளவு ஆகும்

கயாக் விலையை விடுங்கள், ஒரு நாள் போய்வரும் செலவைச் சொல்கிறேன். நான் கொடுத்த கணக்கு இது, ஊருக்கு ஊர் மாறும். வண்டியைப் பார்த்துக்கொள்ள 50லிருந்து 100 ரூபாய். தண்ணீர் வரை தூக்கவும் திரும்ப ஏற்றவும் இரண்டு பையன்கள் கை கொடுத்தால் 200, 300. கூரையில் கட்ட முடியாமல் சின்ன டெம்போ எடுத்தால் சென்னையிலிருந்து கோவளம் போய்வர 2000க்கு மேல் ஆகிவிடும், அதனால் நான்கு பேர் சேர்ந்து போவது நல்லது. ஈசிஆர் சுங்கச்சாவடிக் கட்டணம் தனி.

முதல் முறை கடலில் இறங்கும்போது ஒரு ஃபைபர் படகைக் கூடவே வரச் சொல்லுங்கள். டீசலையும் ஆள் கூலியையும் சேர்த்து 2000, 3000 ரூபாய் கேட்பார்கள். இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். கவிழ்ந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறது என்பது ஒன்று, எந்த இடத்தில் மீன் நிற்கும், எங்கே பாறை என்று அந்த அண்ணன் ஒரே காலையில் காட்டிவிடுவார் என்பது இன்னொன்று.

உயிர்காப்பு அங்கி 1500 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 4000க்கும் கிடைக்கிறது. தோள்பட்டை அசைய இடம் விட்ட, உங்கள் எடைக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு போவதில் பயனே இல்லை, கரையிலேயே போட்டு வாரை இறுக்கிக்கொண்டுதான் தள்ள வேண்டும்.

8. முதல் நாள் இரவும் அன்று காலையும்

இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் மையம்) தளத்தில் கடல் நிலை முன்னறிவிப்பு இருக்கிறது, வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையும் தினமும் வரும். இரண்டையும் பாருங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு: அலை உயரம் அரை மீட்டருக்குள் இருந்தால் போகலாம், ஒரு மீட்டர் என்றால் போகக்கூடாது, நடுவில் இருந்தால் கரையில் போய்ப் பார்த்து முடிவு செய்யலாம். அலை உயரம் குறைவாக இருந்தாலும் இரண்டு அலைக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல் என்று காட்டினால் கவனம், அது தூரத்திலிருந்து வரும் கனத்த அலை, கரைக்கு வந்ததும் எழும்பும். காற்று மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் என்றால் வேண்டாம். கள்ளக்கடல் (தூரத்துக் கடலில் கிளம்பி, இங்கே காற்றே இல்லாமல் திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை இருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, தூங்கலாம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏற்ற இறக்கம் அதிகம். சென்னைப் பக்கம் மொத்தமே ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும் முகத்துவாரங்களில் அது பெரிய வித்தியாசம். தண்ணீர் வடியும் நேரத்தில் எந்த முகத்துவாரத்திலும் இருக்காதீர்கள்.

கரைக்கு ஐந்து மணிக்குப் போய்ச் சேருங்கள், ஆனால் வெளிச்சம் வந்த பிறகே தள்ளுங்கள். ஆமை சீசனில் மணலில் டார்ச் அடிக்காமல் நடங்கள். மாற்றுக் கரை ஒன்றை அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு என்றால் அது வடக்கே இருக்க வேண்டும், தண்ணீரும் தென்கிழக்குக் கடற்காற்றும் அந்தப் பக்கம்தான் தள்ளும். கோவளத்தில் இறங்கினால் கானத்தூர்ப் பக்கத்தில் ஒரு கரையை முன்பே பார்த்து, அங்கேயும் சொல்லி வைத்துவிடுங்கள். போகும்போது முதலில் தெற்கே துடுப்புப் போடுங்கள், தெம்பு இருக்கும்போது எதிர்த்துப் போய்விட்டால் திரும்பும்போது தண்ணீரே கொண்டுவந்து விடும். ஜனவரியில் இது அப்படியே தலைகீழ்.

கரையில் ஒரு ஆள் இருக்க வேண்டும், முடியாவிட்டால் வீட்டில். "பத்து மணிக்குள்ள போன் வரலேன்னா 1093க்குக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போங்கள். 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1554 இந்தியக் கடலோரக் காவல்படை. இரண்டு எண்ணும் போனிலும், கயாக்கின் உள்பக்கம் அழியாத மையிலும் இருக்கட்டும்.

9. கடலில் இருக்கும்போது

ஃபைபர் படகு வேகம் எடுக்கும்போது அதன் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஓட்டுகிறவருக்கு நேர் எதிரே இருப்பது தெரியாது. தண்ணீர் மட்டத்தில் இருக்கும் கயாக் சுத்தமாகத் தெரியாது. ஒரு மீட்டர் கம்பில் ஆரஞ்சுக் கொடி, பளிச்சென்ற சட்டை, கழுத்தில் விசில். நீலக் கயாக், பச்சைக் கயாக் வாங்காதீர்கள். மூங்கில் கம்பில் கறுப்புத் துணி கட்டித் தெர்மாகோல் மிதவையோடு நிற்பது வலையின் முனை. இன்னொரு முனை எங்கே என்று தேடிப் பார்த்து, மொத்தமாகச் சுற்றிப் போங்கள். உங்கள் முள் அவர்கள் வலையில் மாட்டினால் உங்கள் தூண்டில் நரம்பை (நைலான் இழையை) அறுத்துவிடுங்கள், அவர்கள் வலையில் ஒரு கண்ணிகூட அறுக்கக் கூடாது.

ஆமை மாட்டினால் பக்கத்தில் இழுத்து, முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். திருக்கையையும் கெளுத்தியையும் மடியில் போடாதீர்கள்.

ஒன்பதரைக்குத் தூண்டிலைச் சுருட்டுங்கள். பாரையோ சீலாவோ அப்போதுதான் அடிக்க ஆரம்பித்திருக்கும், தெரியும். இருந்தாலும் சுருட்டுங்கள்.

10. கரையேறுவது

அலை உடையும் இடத்துக்கு வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் கட்டுங்கள். தூண்டில் கம்புகளைப் படுக்க வைத்து, முள்களுக்கு உறை போட்டு, மீனைப் பெட்டிக்குள் வைத்து மூடி, நங்கூரக் கயிற்றைச் சுற்றி வைத்து. கவிழும்போது காயம் வருவது பெரும்பாலும் அலையால் இல்லை, உங்கள் தூண்டில் முள்ளால்தான்.

பெரிய அலைக் கூட்டம் போகும்வரை பொறுங்கள். கடைசிப் பெரிய அலை உங்களைத் தாண்டியதும் அதன் முதுகுக்குப் பின்னாலேயே வேகமாகத் துடுப்புப் போட்டு வாருங்கள், அதன் மேல் ஏறிவிடாதீர்கள். முழங்கால் ஆழம் வந்ததும் கடல் பக்கமாகக் குதித்து இறங்கி, பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளுங்கள். கயாக்குக்கும் கரைக்கும் நடுவே எக்காரணம் கொண்டும் நிற்காதீர்கள். தண்ணீர் ஏறிய கயாக்கை அலை தூக்கி வீசினால் முழங்கால் எலும்பு தாங்காது. மீன் ஏலம் நடக்கும் நேரமாக இருந்தால் ஃபைபர் படகுகள் முழு வேகத்தில் மணலில் ஏறும். அவர்கள் வரிசையை விட்டுத் தள்ளி ஏறுங்கள்.

ஏறியதும் முதல் வேலை, காத்திருக்கும் ஆளுக்குப் போன்.

11. எந்த இடத்தில் ஆரம்பிக்கலாம்

முட்டுக்காடு உப்பங்கழி: கடலுக்கு முன் இங்கே பழகுங்கள். அலை இல்லை, கொடுவாவும் மடவையும் உண்டு. சுற்றுலாத் துறைப் படகுக் குழாமின் துறை அவர்கள் படகுகளுக்கானது, சொந்தக் கயாக் என்றால் எங்கே இறக்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாலத்துக்குக் கிழக்கே முகத்துவாரம் நெருங்க நெருங்க இழுப்பு கூடும், அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

கோவளம்: கடலுக்கு முதல் இடமாக நான் சொல்வது இதைத்தான். சாலை கரை வரை வருகிறது, உயிர்காப்பாளர்களும் அலைச்சறுக்குக்காரர்களும் இருப்பார்கள், கவிழ்ந்தால் பார்க்க ஆள் இருக்கும். நீலக்கொடி (தூய்மையான கடற்கரைக்கான சர்வதேசச் சான்று) பெற்ற குளிக்கும் பகுதியையும் அலைச்சறுக்கு நடக்கும் முனையையும் விட்டுவிட்டு, குப்பத்தில் காட்டும் இடத்தில் இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பத்து மணிக்குக் கரையேற இடமே இருக்காது.

மாமல்லபுரம்: கடற்கரைக் கோயிலை ஒட்டி வேண்டாம், மீனவர் பகுதியில் கேட்டு இறங்குங்கள். கடலுக்குள் மூழ்கிய பாறைகள் உண்டு. களவாவும் பாரையும் அங்கே நிற்பது அதனால்தான், அலை நாளில் பாறைக்கு மேல் தண்ணீர் கொதிப்பதும் அதனால்தான். இரண்டாவது சீசனில் போகலாம்.

ஆலம்பரை, கடப்பாக்கம்: கோட்டையை ஒட்டி உப்பங்கழி, அதற்கு அப்பால் மணல்திட்டு, பிறகு கடல். கழிக்குள்ளேயே ஒரு காலை முழுக்கத் தூண்டில் போடலாம். மீனவர்கள் சுற்றுலாப் பயணிகளைப் படகில் கூட்டிப்போவதால் வெளியாட்கள் அவர்களுக்குப் புதிதில்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், முதல் நாள் இரவே போய்த் தங்குவது நல்லது.

இதற்குத் தெற்கே போக ஆசைப்படுகிறவர்களுக்கு: பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா, தூண்டிலோடு நெருங்கக்கூடாது. ராமேசுவரம், தனுஷ்கோடிப் பக்கம் சர்வதேச எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, காற்று தள்ளும் கயாக்கில் அங்கே இறங்கவே வேண்டாம்.

ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும் மணல்திட்டு இடம் மாறியிருக்கும், முகத்துவாரம் நகர்ந்திருக்கும், கரை சில இடங்களில் அரித்துப் போயிருக்கும். போன வருடம் நல்ல கரை என்று குறித்து வைத்த இடத்துக்கும் ஜனவரியில் 4ஆவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.